எத்தனை ஆள் பாரம்

— அந்த டயரை மாட்டு, மருதமுத்து. மழை வலுக்குறதுக்குள்ள நான் கிளம்பணும்.

— மாட்டறேன் டிரெஸ்ஸரையா. சும்மா ஒரு கேள்வி. இந்த ஜீப்புல எத்தனை ஆள் ஏறப் போறீங்க?

— எத்தனை தடவை கேப்பே? நான் ஒருத்தன். ரெண்டு மருந்துப் பெட்டி. அவ்வளவுதான்.

— அப்ப ஸ்பிரிங்குக்கு ஏழு பட்டை போதும். நீங்க ஒன்பது போடச் சொன்னீங்க. ஒத்தை ஆளுக்கு ஒன்பது பட்டை போட்டா வண்டி குதிகுதின்னு குதிக்கும். சரிவுல கவுந்துடும். உயர்த்தின வண்டி வேற. முன்ன மாதிரி தரையோட ஒட்டி ஓடுற வண்டியா இது?

— கவுந்தா நான் பாத்துக்கறேன். காலையிலதானே கம்போங் செட்டி மாரியம்மன் கோயிலுக்கு ஓட்டிப் போய்ப் பூசை போட்டு வந்தோம்? நல்லாத்தான் ஓடுச்சு. வந்து இறங்கினதும் பின் டயரைக் கழட்டி ஒளிச்சு வெச்சிருக்கே. இது என்ன வேலை?

— ஒளிக்கலைய்யா. அதோ, எண்ணெய்ப் பீப்பாய்க்குப் பின்னாடி இருக்கு.

— எடுத்து மாட்டு.

— மூணு வாரமா இந்த வண்டிக்கு அடியிலதான் படுத்துக் கிடக்கேன். அச்சுக்குக் கீழ கிடந்த ஸ்பிரிங்கை மேல ஏத்தியாச்சு. பிரேக் குழாய் எட்டலை, நீளமா வேற போட்டேன். பழைய ராணுவ லோரி டயரு உரசுதுன்னு மட்கார்டை வெட்டினேன். கேட்டதெல்லாம் செஞ்சேன், வாயைத் திறக்கலை. இன்னைக்குக் கேக்கறேன். மருந்து கொடுக்கிற தோட்டத்து டிரெஸ்ஸருக்கு எதுக்குய்யா இவ்வளவு உயரம்?

— அதான் அன்னைக்கே சொன்னேனே. உள்தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போகணும். டிசம்பர் மாசம், போற வழியில சடக்கெல்லாம் சேறு.

— சேறுதான். ஆனா சேத்துக்குப் போற வண்டிக்கு யாரும் புகைக்குழாயைத் தூக்கிக் கூரைக்கு மேல கட்டச் சொல்ல மாட்டாங்க. ஆத்துல இறங்குற வண்டிக்குத்தான் அப்படிக் கட்டுவாங்க. உங்க தோட்டத்துல ஆறு ஏது?

— வெள்ளம் வந்தா எல்லா இடமும் ஆறுதான்.

— பின் சீட்டை எடுக்கச் சொன்னீங்க. ஆறடிப் பலகை அடிக்கச் சொன்னீங்க.

— நோயாளியைப் படுக்க வெக்க.

— அதுக்குத் தோட்டத்துல ஆம்புலன்ஸ் நிக்குதே.

— உனக்கு எதுக்குப்பா இதெல்லாம்? வேலையைப் பாரு.

— எனக்கென்ன, சும்மா கேக்கறேன். நீங்க முதல்ல வண்டியைக் கொண்டாந்தப்ப அடியில ஒட்டியிருந்த சேறு கறுப்புச் சேறு. நம்ம பக்கத்துச் செம்மண்ணு இல்ல. தங்காக் தாண்டி, லெடாங் மலை அடிவாரத்துச் சதுப்புலதான் அந்த மாதிரி கிடக்கும். நம்ம பக்கம் ஊரடங்கெல்லாம் எடுத்து வெள்ளை வட்டாரமாகி நாலு வருசம் ஆச்சு. அங்க இன்னும் காட்டுக்காரங்க, அந்தக் கம்யூனிஸ்டுங்க, துப்பாக்கியோட இருக்காங்க. போலீஸ் கேட்டா நான் என்ன சொல்றது?

— போலீஸ் ஏன் உன்னைக் கேக்கப் போறாங்க?

— கேட்டாங்கன்னா?

— கேப்பாங்களா, இல்ல நீயே போய்ச் சொல்வியா? ஸ்டேஷன் வண்டியெல்லாம் உன்கிட்டதான் வருதாமே. போன வாரம்கூட ஒரு போலீஸ் ஜீப்பு இங்க நின்னுச்சு, பார்த்தேன். ஊர்ல இத்தனை பட்டறை இருக்க, அந்த வேலை உனக்கு மட்டும் எப்படிக் கிடைச்சுது?

— கிடைச்சுது. நல்லா வேலை செய்வேன்னு.

— முகத்தைத் திருப்பிக்கிட்டுச் சொல்றே.

— ஸ்பேனர் தேடறேன்யா.

— சரி, இப்ப நான் கேக்கறேன். இவ்வளவு சந்தேகம் இருக்கிறவன் முதல் நாளே வண்டியைத் திருப்பி அனுப்பியிருக்கணும். நீ ஏன் கடைசி வரைக்கும் செஞ்சே? முழுசா செஞ்சு முடிச்சுட்டு டயரைக் கழட்டிக்கிட்டு நிக்கறே. என்னைப் பிடிச்சுக் கொடுக்கத்தானே? ஆள் அனுப்பிட்டியா? வந்துக்கிட்டு இருக்காங்களா?

— இல்லைய்யா.

— உன் பொண்டாட்டி எங்கே? காலையில இருந்து காணோமே.

— புக்கிட் காதில் ஊர்ல அவ தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கா. நான்தான் அனுப்பினேன்.

— ஏன்?

— நாம பேசறதை அவ கேக்க வேணாம்னுதான்.

— சுத்துறது போதும். நேராச் சொல்லு.

— சொல்றேன். காலையில கோயில்ல நான்தான் எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில வெச்சேன். குருக்கள் அர்ச்சனைக்குப் பேரும் நட்சத்திரமும் கேட்டார். உங்க பேரைச் சொன்னீங்க. சேதுபதி, அனுஷம். அடுத்து இன்னொரு பேரு சொன்னீங்க.

— நான் ஒரு பேருதான் சொன்னேன்.

— ரெண்டு சொன்னீங்க. சாரதாம்பாள், உத்திரட்டாதி.

— மெதுவாப் பேசு. பக்கத்துல ஆள் இருக்கு.

— தனபாலன்தான்யா, எனக்கு இந்த இடத்தை வாடகைக்கு விட்டவர், தலைமுறை தலைமுறையா இங்கயே இருக்கிற செட்டிக்காரர். தமிழ் தெரியாது, வீட்டுலயும் மலாய்தான் பேசுவாங்க.

— தமிழ் தெரியாட்டி என்ன, பேரு புரியும்ல? அதே கோயில்லதானே அவரும் சாமி கும்பிடறாரு.

— சரி, மெதுவாவே கேக்கறேன். சாரதாம்பாள் யாருன்னு கோப்பி குடிக்கும்போது நீங்களே சொன்னீங்க. ஒரே பொண்ணு, தவறிட்டா, ஆறு வருசம் ஆச்சுன்னு. கருமாதி முடிஞ்ச பேருக்கு யாராவது அர்ச்சனை பண்ணுவாங்களா? குருக்களுக்குத் தெரியாது, அவர் ஊருக்குப் புதுசு. மந்திரத்தைச் சொல்லிட்டாரு. எனக்குத்தான் கையில இருந்த தேங்காய் நழுவிடுச்சு.

— வாய் தவறி வந்துடுச்சு. பெத்தவனுக்கு வராதா?

— நட்சத்திரத்தோட வருமா? நீண்ட ஆயுசு கேட்டுச் சொல்ற அர்ச்சனைய்யா அது. நீங்க கையைக் கூப்பிக்கிட்டு அழுதீங்க. செத்துப்போனவங்களுக்கு அழுற அழுகை இல்ல அது.

— மருதமுத்து, உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன், அந்த டயரைக் கொடு.

— ஐயோ, என்னய்யா இது, எந்திரிங்க. நான் என்ன கேக்கறேன்? டீச்சர் உயிரோட இருக்காங்களா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.

— டீச்சரா?

— உங்க மகளைத்தான் சொன்னேன்.

— அவ டீச்சர்னு நான் உன்கிட்ட சொல்லவே இல்லையே.

— டிரெஸ்ஸர் மகள்னா படிச்சவங்களா இருப்பாங்க. படிச்ச பொண்ணு வேற என்ன வேலை பார்ப்பாங்க? குத்து மதிப்பா வந்துடுச்சு.

— குத்து மதிப்பா? ஸ்பிரிங்குக்கு ஒரு பட்டை கூடினா மூணு வாரம் யோசிக்கறவன் நீ. குத்து மதிப்பா பேசற ஆளா நீ? யார்டா நீ? ஸ்பெஷல் பிராஞ்சா?

— இல்லவே இல்லைய்யா. என் பிள்ளைங்க மேல சத்தியம்.

— சத்தியத்தைக் கொண்டு போய்க் குப்பையில போடு. எனக்குச் சத்தியம் பண்ணவங்களை நிறையப் பார்த்தாச்சு.

— சரி, நம்ப வேணாம். ஆனா யோசிச்சுப் பாருங்க. எனக்குத் தெரிஞ்சதே போதும், உங்களைப் பிடிச்சுக் கொடுக்கணும்னா. காலையிலேயே கொடுத்திருப்பேன். ஸ்டேஷன் ரெண்டு கல்லு தூரம்தான். போகலையே. இங்கதானே உங்ககூட நனைஞ்சுக்கிட்டு நிக்கறேன். எத்தனை ஆள்யா?

— நாலு. என்னோட சேர்த்து. ஒருத்தனால நடக்க முடியாது, இடுப்புல குண்டு. இவளுக்கும் கால் வீங்கிக் கிடக்குதாம்.

— உயிரோட இருக்காங்க.

— இருக்கா.

— கொஞ்சம் இருங்கய்யா. கையில எண்ணெய்... கண்ணுல பட்டுடுச்சு.

— பொதுமன்னிப்புத் தாளைப் பிளேன்ல இருந்து போட்டாங்களே, சுதந்திரம் கிடைச்ச மறு வாரம். அந்தத் தாளோட பின்பக்கத்துல அவ கையெழுத்து வந்துச்சு, போன மாசம். ‘அப்பா, நாங்க மூணு பேரும் வெளிய வர்றதா இருக்கோம், எங்களால ஆத்தைத் தாண்ட முடியலை’ன்னு. மாசக் கடைசியோட கெடு முடியுது. இன்னும் ஆறு நாள்.

— மூணு பேருன்னா?

— இவளும் அந்த அடிபட்டவனும் இன்னொரு பொண்ணும். கூட்டத்துத் தலைவனுக்குத் தெரிஞ்சா அவன் சுட்டுடுவான். ரோந்து போற பட்டாளத்துக்கு முன்கூட்டியே தெரிஞ்சா அவங்க சுட்டுடுவாங்க. யாருக்கும் தெரியாம ஆத்தைத் தாண்டிக் கொண்டாந்து, நேரா நானே ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும். அப்பதான் மன்னிப்பு. நடுவுல எவன் வாய் திறந்தாலும் பொணம்தான். இப்ப நீ தெரிஞ்சுக்கிட்டே. போதுமா?

— அப்ப அந்தக் கருமாதி?

— அது நான் செஞ்ச பாவம். அவ அன்னைக்குத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல பாடம் நடத்திக்கிட்டு இருந்தா. போலீஸ் வந்து நேரா அவ சைக்கிளைத்தான் பிரிச்சாங்க. எங்கேயும் தேடலை. சைக்கிள் பைப்புக்குள்ள அரிசி. காட்டுக்குக் கொண்டு போக. இவ பின்வாசல் வழியா ஓடி ஆத்துல குதிச்சா. சுட்டாங்க. முந்தானைதான் மிதந்துச்சு, உடம்பு கிடைக்கலை. மூணாம் நாள் ஒருத்தன் வந்து, உயிரோட உள்ள போயிட்டான்னு என் காதுல சொன்னான்.

— தெரிஞ்சே பண்ணீங்களா?

— தெரிஞ்சேதான். செத்துட்டான்னு நம்பினாத்தானே போலீஸ் தேடறதை நிறுத்துவாங்க? தர்ப்பையில பொம்மை செஞ்சு கொள்ளி வெச்சேன். பதினாறாம் நாள் ஊரையே கூட்டிச் சோறு போட்டேன். அவ அம்மாகிட்டகூட நான் சொல்லலை, மருதமுத்து. அவளுக்கு மனசுல எதுவும் நிக்காது, அழுதுக்கிட்டே யார்கிட்டயாவது சொல்லிடுவா. மக செத்துட்டான்னு நம்பியே அவளும் போய்ச் சேர்ந்துட்டா. ரெண்டு வருசம் ஆச்சு.

— அம்மா போயிட்டாங்களா? எனக்குத் தெரியாதே.

— உனக்கு எப்படித் தெரியும்? அன்னைக்குப் போலீஸ்கிட்ட எவனோ ஒருத்தன் சொல்லியிருக்கான். இத்தனை சைக்கிள் நின்ன இடத்துல அவ சைக்கிளை மட்டும் பிரிக்கணும்னா, எவனோ சரியாச் சொல்லியிருக்கான். ஆறு வருசமா ஒவ்வொரு மூஞ்சியையும் பார்த்துக்கிட்டே இருக்கேன். வேலை வாங்குற தண்டலா, கடைக்காரனா, கூட வேலை செஞ்ச வாத்தியாரான்னு. எவன்கிட்டயும் மனசு விட்டுப் பேசினதில்லை. இன்னைக்குத்தான் உன்கிட்ட வாயைத் திறந்திருக்கேன். என் நேரம்.

— அந்தப் பக்கம் ஜாக்கைக் கொஞ்சம் பிடிங்கய்யா. டயரை மாட்டிடறேன்.

— நிஜமாவா?

— பிடிங்க. ஒன்பது பட்டை சரிதான். நாலு ஆளுக்குச் சரியா உட்காரும். ஆத்துல இறங்கும்போது கியரை மாத்தாதீங்க. முதல் கியர்லயே போங்க. நடுவுல நிறுத்தினா அவ்வளவுதான். கரை ஏறினதும் பிரேக்கை ரெண்டு மூணு தடவை மிதிச்சுக்கிட்டே போங்க, தண்ணி காயும்.

— ம்.

— அடிபட்டவரைத் தலை முன்பக்கமா வர்ற மாதிரி படுக்க வெய்ங்க. வண்டி உயரம் கூட, பின்னாடி ஆட்டம் ஜாஸ்தி. தங்காக் சோதனைச் சாவடியில இந்தத் தகரத் தட்டைக் காட்டுங்க. போலீஸ் வண்டிக்கு வேலை பாக்கிற பட்டறைன்னு இருக்கும், சோதனை ஓட்டம்னு சொல்லுங்க. அதிகமாக் கேக்க மாட்டாங்க.

— இதெல்லாம் நீ எனக்கு எதுக்குச் செய்யணும்?

— நட்டு அஞ்சும் இறுக்கியாச்சு. இந்தாங்க சாவி. முதல்ல கையில வாங்குங்க.

— வாங்கிட்டேன்.

— ஏறி உக்காருங்க. எஞ்சினைப் போடுங்க. நான் சொல்லி முடிச்சதும் உங்களுக்குப் போகணும்னு தோணும். அப்ப வண்டி தயாரா இருக்கணும்.

— என்னடா சொல்றே? என்னமோ மாதிரி பேசறே.

— நான் கூட வரேன்யா, நானே ஓட்டறேன். இந்த வண்டி எங்க சாயும், எங்க நிக்கும்னு எனக்குத்தான் தெரியும். அதைக் கேக்கத்தான் டயரைக் கழட்டினேன். ஆனா நீங்க விட்டுட்டுப் போனாலும் சரி, என் மேலயே வண்டியை ஏத்திட்டுப் போனாலும் சரி.

— உனக்குப் பொண்டாட்டி பிள்ளை இருக்கு. உனக்கும் என் மகளுக்கும் என்ன?

— அந்தப் பதினாறாம் நாள் சோத்துக்கு நானும் வந்திருந்தேன்யா. கடைசிப் பந்தி. இலையில உக்காந்தேன், ஒரு வாய் இறங்கலை. அப்ப நான் ஜாசின் பசார்ல சீனர் சைக்கிள் கடையில வேலை பார்த்தேன்.

— சைக்கிள் கடையிலயா?

— டீச்சர் வருவாங்க. பஞ்சர் ஒட்ட. ‘தம்பி, எழுதப் படிக்கத் தெரியுமா, கத்துத் தரவா’ன்னு கேப்பாங்க.

— மருதமுத்து.

— கொன்னுட்டேன்னு நினைச்சு ஆறு வருசமா நான் தூங்கலை. இன்னைக்குக் காலையில அந்த அர்ச்சனையைக் கேட்ட பிறகுதான் மூச்சு வந்துச்சு. ஒரு நாள் காத்தடிக்கத் தூக்கினேன்யா, எப்பவும் இருக்கிறதைவிட கனமா இருந்துச்சு. அந்தச் சைக்கிள் கனக்குதுன்னு ஸ்டேஷன்ல போய்ச் சொன்னவன் நான்தான்.