தொடாத தட்டு

கேப்பை நாற்றுக்குக் கூச்ச சுபாவம் உண்டு. தொட்டாற்சிணுங்கி மாதிரி உடனே காட்டிக்கொள்ளாது, அவ்வளவுதான். இலையை யாராவது வருடினால் கொஞ்ச நேரத்துக்குள் உள்ளே ஏகப்பட்ட மரபணுக்கள் விழித்துக்கொள்ளும். தினமும் வருடிக்கொண்டே இருந்தால் பயிர் உயரம் போகாமல், குட்டையாக, தண்டு தடித்து நிற்கும். கோதுமையிலும் பார்லியிலும் இதைப் பார்த்துவிட்டார்கள். கேப்பையும் அப்படித்தானா என்று பார்ப்பதுதான் 2013இல், திண்டிவனம் பக்கத்து விவசாயக் கல்லூரியில், எங்கள் ப்ராஜெக்ட்.

'எங்கள்' என்பது ஒரு பேச்சுக்கு. வேலை செய்தது இசைவாணி. மயிலம் பக்கம் ஊர். வீட்டில் எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். நான் கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் நக்கல் எழுதிக்கொண்டிருந்தேன்.

பசுமைக்குடிலில் இரண்டு தட்டு. ஒன்றை அவள் காலையும் மாலையும் பெயின்ட் பிரஷால் வருடுவாள். மற்றதை யாரும் தொடக்கூடாது. தண்ணீர்கூட அடியிலிருந்துதான். வித்தியாசம் தெரிந்தால், கோயமுத்தூரில் மேல்படிப்புக்குச் சிபாரிசு செய்வதாக ப்ராஜெக்ட் கைடு காந்திமதி மேடம் அவளிடம் சொல்லியிருந்தார். அது இல்லையென்றால் அவளுக்கு மேல்படிப்பே இல்லை.

தட்டுகளுக்குச் சீட்டு எழுதும் வேலையை மட்டும் எனக்குத் தந்தாள். ஒன்றில் 'தொட்டது' என்று எழுதினேன். மற்றதில் 'தொடாதது' என்று எழுதியிருக்கலாம். 'தீண்டத்தகாதது' என்று எழுதினேன். வகுப்பே சிரித்தது. இசைவாணி சீட்டை உரித்தாள்.

"இன்னா ஆண்டோ, இதான் உனக்குக் கெடச்ச ஜோக்கா?"

"சும்மா தமாசு. இதுக்குப் போயி பேஜார் ஆவுறியே."

"தமாசுன்னா எனக்கும் சிரிப்பு வரணுமில்ல?"

என் ஜோக்குக்குச் சிரிக்காதவர்களை எனக்குப் பழக்கமில்லை. அன்று சாயந்திரம் அவள் பஸ்ஸுக்குப் போனதும் பசுமைக்குடிலுக்குப் போனேன். தொடாத தட்டை உள்ளங்கையால் தடவினேன். மெதுவாகத்தான், ஒரு நாற்றுகூட ஒடியவில்லை. மறுநாளும் போனேன். அப்புறம் அது பழக்கமாகிவிட்டது. தீண்டாமையை ஒழிக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் நல்ல ஜோக்தான், சொல்லத்தான் ஆள் இல்லை.

அளக்கிற அன்று இரண்டு தட்டும் ஒரே குட்டை. அதே குடிலில் வேறு பையன்கள் போட்டிருந்த அதே ரகம் நெடுநெடுவென்று நின்றது. ப்ராஜெக்ட் ஜெயித்துவிட்டது என்று அங்கே எனக்கு மட்டும் நிச்சயமாகத் தெரியும். மேடம் இசைவாணியைப் பார்த்தார். என்னைப் பார்க்கக் காரணமில்லை. பசுமைக்குடில் எந்தத் திசை என்றே தெரியாத சோம்பேறி என்று எனக்குப் பேர்.

"சத்தியமா நான் தொடலீங்க மேடம்."

"ஒரு தட்டைத் தொடாம இருக்கச் சொன்னா, அதுகூட முடியாதா உங்களுக்கு?"

மேடம் அவளை 'நீ' என்றுதான் பேசுவார். அந்த 'உங்களுக்கு' மரியாதைப் பன்மை இல்லை என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரிந்தது. இசைவாணி என் பக்கம் திரும்பினாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பெயின்ட் பிரஷில் ஒட்டியிருந்த தூசியை ஊதிக்கொண்டிருந்தேன்.

சிபாரிசு போகவில்லை. இப்போது வளவனூரில் ஒரு உரக்கடையில் பில் போடுகிறாள். பஸ்ஸிலிருந்து பார்த்தேன். இறங்க வெட்கமாக இருந்தது. அடுத்த முறை மறுபக்கம் சீட் பிடித்து உட்கார்ந்தேன்.

செய்தது நான்தான். அதை மறுக்கவில்லை. ஆனால் சாதி பார்த்துச் செய்யவில்லை. அதை மட்டும் தெளிவாகக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் மாதா கோயிலில் பலிபீடம் ஒன்று, கல்லறைத் தோட்டம் சாதி பார்த்து இரண்டு. அதைக் கிண்டல் செய்து எழுதிப் பங்குச் சாமியாரிடம் திட்டு வாங்கியவன் நான். இசைவாணிக்கும் எனக்கும் மூன்று வருடம் ஒரே லேப் மேஜை. மதியம் டிபன் பாக்ஸைத் திறந்ததும் முதலில் என் பக்கம்தான் நீட்டுவாள். எனக்குத்தான் என்னவோ, ஒருநாளும் பசித்ததில்லை.