தழும்பு மார்க்

அது தொறக்காது சார். எவ்வளவு இழுத்தாலும் தொறக்காது. வெளிப்பக்கம் பூட்டு. உங்கள உள்ள வச்சுப் பூட்டணும்னு பூட்டல, கைப்பழக்கம். வண்டிய எடுத்தாருன்னா கேட்டப் பூட்டிட்டுத்தான் போவாரு. உள்ள ஒரு ஆள் இருக்கேங்கற நெனப்பே வராது. எனக்குப் பழகிப்போச்சு. நீங்கதான் பாவம் மாட்டிக்கிட்டீங்க. வாங்க, உள்ள வந்து ஃபேனுக்கடியில உக்காருங்க.

போன் போட்டீங்களா? எடுக்கல, இல்ல? வண்டி ஓட்டறப்ப எடுக்க மாட்டாரு. நீங்க கேட்டதத் தேடித்தானே போயிருக்காரு. அவரோட அம்மா செத்ததுக்குச் சான்றிதழ். எங்க போய்த் தேடுவாரோ. டீ போட்டுட்டேன், சூடா குடிங்க.

இல்லல்ல, நீங்க உக்காருங்க. நான் நிக்கறேன். இந்த ரூம்ல யாராவது வந்தா நின்னே பழக்கமாயிடுச்சு.

ஆமா, போன தடவ வந்தப்பவும் நான்தான் தண்ணி கொண்டாந்தேன். பரவால்லையே, ஞாபகம் வச்சிருக்கீங்க. யாரு இவங்கன்னு கேட்டீங்க, வீட்டு வேலைக்கு இருக்கறவங்கன்னு அவரு சொன்னாரு. வேல செய்யறது நெசந்தானே. பெருக்கறது, தொவைக்கறது, சமைக்கறது எல்லாம் நான்தான். எத்தன வருஷமாவா? இந்த வீட்டுக்குக் கடக்கால் தோண்டினப்ப நான் பக்கத்துல நின்னேன் சார். அவ்வளவு நாளா.

அன்னிக்கு நீங்க பேசினத அடுப்படியிலேர்ந்து கேட்டுக்கிட்டிருந்தேன். நாலாம் வகுப்பு, நாலாம் வகுப்புன்னீங்க. யாரு வீட்டுப் பிள்ளைய ஸ்கூல்ல சேக்கறாங்கன்னு யோசிச்சேன். அப்புறந்தான் தெரிஞ்சுது, நீங்க டிரேட்மார்க் பதியற வக்கீலு, அதுக்காகச் சரக்குங்களையெல்லாம் வகுப்பு வகுப்பாப் பிரிச்சு உக்கார வச்சிருக்கீங்கன்னு. எஞ்சின் ஆயிலு, கிரீஸு, டீசலு எல்லாம் நாலாவதுல. மெழுகுவத்தியும் வெளக்குத் திரியும்கூட அதுலதான்னு சொன்னீங்க பாருங்க, அது எனக்கு ரொம்பப் புடிச்சுது. சாமி முன்னாடி எரியறதும் லாரிக்கு அடியில சொட்டறதும் ஒரே பெஞ்சு.

அந்த டின்னையா பாக்கறீங்க? காலி டின்னுதான், கையில எடுத்தே பாருங்க. ஆமா, படத்துல இருக்கறது அவரோட அம்மாதான். அப்ப சின்ன வயசு.

அந்தம்மாவோட வீட்டுக்காரரு ஒரு பேரலும் ஒரு கைப்பம்பும் வச்சு ஆரம்பிச்ச தொழில் இது. சன்னல் வழியாத் தெரியுதே தகரக் கொட்டா, அங்கதான். டின்னுக்கு என்ன படம் போடணும்னு பிரஸ்காரர் கேட்டிருக்காரு. சிங்கம், கழுகு, நெருப்பு எல்லாத்தையும் மத்தவங்க எடுத்துக்கிட்டாங்க. இவரு யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டு, பர்சுலேர்ந்து பொண்டாட்டி போட்டோவ உருவிக் குடுத்துட்டாரு. பர்சுக்குள்ள மடிஞ்சு மடிஞ்சு, கன்னத்துக்குக் குறுக்க ஒரு கோடு விழுந்திருந்துச்சு. பிரஸ்காரர் அதையும் சேத்து அச்சடிச்சுட்டாரு.

அதேதான், நீங்க வெரல் வச்சிருக்கீங்களே, அந்தக் கோடு. மெக்கானிக்குங்க அத வெட்டுத் தழும்புன்னே நெனச்சுட்டாங்க. கடையில போய்த் தழும்பு மார்க் குடுங்கன்னு கேக்க ஆரம்பிச்சு, அதுவே பேராயிடுச்சு. புருஷன வெட்ட வந்தவன் கத்திய இவங்க குறுக்க விழுந்து வாங்கிக்கிட்டாங்கன்னு ஒரு கதகூட உண்டு. அந்தம்மா கேட்டுட்டு விழுந்து விழுந்து சிரிச்சாங்க. எலியப் பாத்தாலே கட்டில் மேல ஏறி நிக்கற ஆளு!

அப்புறம் போலி வந்துச்சு. அவன் எல்லாத்தையும் அச்சு அசலா எடுத்துட்டு, கோட்ட மட்டும் அழிச்சு மூஞ்சிய அழகு பண்ணிட்டான். அதனால வாங்க வர்றவங்க கன்னத்தப் பாத்து வாங்குவாங்க. தழும்பு இருந்தா நம்ம சரக்கு. இப்ப அவனும் கோடு போட்டுட்டானாம். போட்டதோட விடாம, அவன் பேர்ல பதிவு பண்ணவும் கெளம்பிட்டானாம். அதான் இந்த அவசரம். இவர் மேலயும் தப்பு சொல்ல முடியாது. பதிவு கைய விட்டுப் போச்சுன்னா, அப்பா உண்டாக்கின டின்ன இவரே தொட முடியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க.

ஒண்ணு கேக்கலாமா சார்? படத்துல இருக்கறவங்க உசிரோட இருந்தா அவங்களேதான் சம்மதம் குடுக்கணும். செத்துட்டா வாரிசு குடுத்தாப் போதும். அப்படித்தானே? சும்மா, தெரிஞ்சுக்கலாம்னு கேட்டேன். ஒரு தடவ பதிவாயிடுச்சுன்னா, அப்பப்பப் புதுப்பிச்சுக்கிட்டே போகலாமாமே. ஆளு மண்ணாப் போனாலும் மூஞ்சிக்குச் சாவே இல்ல. ராத்திரியெல்லாம் அத நெனச்சுத்தான் தூக்கம் வரல.

எனக்கென்னவா? சொல்றேன், டீய குடிங்க, ஆறுது பாருங்க.

அந்தக் கொட்டாயில எல்லா டின்னுக்கும் மூடி அமுக்கறது அந்தம்மா வேல. அவரு ஊத்துவாரு, இவங்க ஒரு சொட்டு எடுத்து வெள்ளத் தாள்ல விடுவாங்க. நல்ல ஆயில்னா சீராப் பரவும். நடுவுல கறுப்பாப் பொட்டு நின்னா, அந்த பேரலையே திருப்பி அனுப்பிடுவாரு. தாள் சரியா இருந்தாத்தான் மூடி. ஒவ்வொரு மூடிய அமுக்கறப்பவும் ஒரு வார்த்த சொல்லுவாங்க: சாமி, இத ஊத்திக்கிட்டுப் போறவன் பத்திரமா வீடு போய்ச் சேரணும். அவ்வளவுதான். நீளமா மந்திரமெல்லாம் தெரியாது, படிச்சதும் கம்மி. வீட்டுக்காரரு கிண்டல் பண்ணுவாரு. நீ சாமி கும்புட்டு முடிக்கறதுக்குள்ள லாரிக்காரன் ரெண்டு ட்ரிப் அடிச்சுட்டு வந்துடுவான்டின்னு. ஆனா கும்புடாத டின்ன அவரும் வெளிய அனுப்பினதில்ல.

வீட்டுக்காரரு போனப்புறம் மெஷின் வந்துச்சு. மூடி அதுவே அமுங்கிடும். அதுல ஒண்ணும் வருத்தமில்ல, கும்புடறதத் தூர நின்னும் கும்புடலாம். பின்வாசல் வழியா பேரல் வர ஆரம்பிச்சுது பாருங்க, அப்பதான். மெக்கானிக் ஷெட்டுங்கள்லேர்ந்து, வண்டியில இருந்து எறக்கின பழைய ஆயிலு. ஆசிட்டு ஊத்தி, மண்ணு போட்டு, வடிகட்டி, கலர் சேத்தா பாக்கப் புதுசு மாதிரியே இருக்கும். வாசனையும் கலப்பாங்க. அந்தம்மா ஒரு சொட்டு எடுத்துத் தாள்ல விட்டாங்க. பொட்டு நின்னுச்சு, கண்ணுமை மாதிரி.

ஏன்யா இப்படின்னு மகன்கிட்ட கேட்டதுக்கு, எல்லாரும் பண்றாங்க, நான் மட்டும் பண்ணலன்னா கொட்டாயப் பூட்ட வேண்டியதுதான்னாரு. நெசமாக்கூட இருக்கலாம். வெளிய என்ன போட்டின்னு வீட்டுக்குள்ள இருக்கறவங்களுக்கு என்ன தெரியும்?

அப்புறம் ஒரு நாள் வேன்காரர் ஒருத்தர் வந்தாரு. மேட்டுல ஏறறப்ப எஞ்சின் இறுகி நின்னுபோச்சாம். வேன் நெறைய ஆளுங்க. வண்டி பின்னாடி உருண்டு வந்து ஒரு மரத்துல முட்டி நின்னதால தப்பிச்சாங்களாம். சத்தம் போடுவாரு, அடிக்கக்கூட வருவாருன்னு பயந்தேன். இல்ல சார். கையில கொண்டாந்த டின்ன இந்தத் திண்டுல வச்சாரு. மூஞ்சி சுவத்தப் பாக்கற மாதிரி திருப்பி வச்சாரு. போய்ட்டாரு. அன்னியிலேர்ந்துதான் கேட்டுக்குப் பூட்டு.

அந்தம்மா அன்னிக்குச் சாப்பிடல. அடுத்த நாள், பதிவுக்குக் கையெழுத்துப் போடும்மான்னு மகன் வந்து நின்னப்ப, மாட்டேன்னுட்டாங்க. நல்ல ஆயில ஊத்து, போடறேன். இதுக்கு என் மூஞ்சியத் தர மாட்டேன்னு. கெஞ்சினாரு. கத்தினாரு. வெளியூர்ல இருக்கற பொண்ணு போன்ல, அங்க இருக்காதம்மா, கெளம்பி வந்துடுன்னா. எங்க போறது? போனா டின்னும் கூடவே வருதே. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க்கடையில அடுக்கி வச்சிருக்கான், அத்தன மூஞ்சியும் நம்மளையே பாக்குது.

எப்ப செத்தாங்களா?

நீங்க மொதல் தடவ வந்தீங்களே, அன்னிக்குத்தான் சார். இந்த ரூம்லதான். அம்மா இருக்காங்களான்னு நீங்க கேட்டீங்க, இல்ல, போய்ட்டாங்கன்னு அவன் சொன்னான். நான் தண்ணி டம்ளரோட வாசப்படியில நின்னுக்கிட்டிருந்தேன்.

கன்னத்தப் பாக்காதீங்க தம்பி. தழும்பு இருக்காது. மடிஞ்சது போட்டோதான்.

அய்யய்யோ, நீங்க ஏன் எழுந்திரிக்கறீங்க? உக்காருங்க. உங்க மேல என்ன தப்பு, வேலைக்காரின்னு சொன்னா வேலைக்காரின்னுதானே நெனைப்பீங்க. உங்களுக்கு என் வயசுல அம்மா இருப்பாங்க. அந்த நாற்காலிய மட்டும் கொஞ்சம் இப்படி இழுத்துப் போடுங்க, நானும் உக்காந்துக்கறேன். முட்டி வலிக்குது.

ம்ம். இப்பதான் சுகமா இருக்கு.

பத்து நாளா சாமிகிட்டதான் கேட்டுக்கிட்டிருந்தேன். வாயத் தொறந்தா பையன் பொய்யனாவான், மூடிக்கிட்டிருந்தா எவனோ ஒரு வேன்காரன் மேட்டுல நிப்பான். சாமி ஒண்ணும் சொல்லல. உங்களையும் என்னையும் ஒண்ணா வச்சுப் பூட்டிட்டுப் போக வச்சுச்சு. அதுதான் பதில்னு எடுத்துக்கிட்டேன்.

நீங்க இப்படி எழுத முடியுமா பாருங்க. பையன் பொய் சொன்னான்னு வேணாம். படத்துல இருக்கறவங்க நேர்ல வந்தாங்க, சம்மதிக்கலன்னு மட்டும். அது போதுமில்ல? பதிவு போச்சுன்னா போகட்டும். இல்ல, நல்ல ஆயில ஊத்தறேன்னு அவன் வந்து நின்னா, சொட்டு விட்டுப் பாத்துட்டு அன்னிக்கே கையெழுத்துப் போடறேன், நீங்க சொல்ற எடத்துல.

ஷ்ஷ்... வண்டிச் சத்தம். அவன்தான். சாவியப் போட்டுத் திருப்பறான், கேக்குதா?

பயப்படாதீங்க. முரடன் இல்ல, நான் பெத்தவன்தான். வாசப்படி தாண்டினதும் அம்மா உக்காந்திருக்கறதத்தான் மொதல்ல பாப்பான். எழுந்திருன்னு கண்ண காட்டுவான்.

நீங்க எழுதுங்க தம்பி. நான் எழுந்திரிக்க மாட்டேன்.