ஞாயிற்றுக்கிழமை புறப்பட வேண்டிய கப்பல்

முத்தையாபுரத்திலிருந்து வரும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் சங்கு குளிக்கிற இருவர். ஒருவர் கடலில் முங்குகிறவர். மற்றவர் படகில் கயிறு பிடிக்கிறவர்.

“அவளுக்கு மூணு கண்ணு மச்சான். மூணும் என்னையத்தான் பாத்துச்சு” என்றார் முங்குகிறவர்.

“ஏலே சூசை, அடியில மூச்சு முட்டிருக்கும்ல உனக்கு.”

“கடலுக்கடியில கப்பலை நிறுத்திட்டு, அஞ்சு நாளா எனக்குச் சங்கு பொறுக்கித் தந்தா. ஊரு ஏதோ நட்சத்திரத்துக்கு அந்தப் பக்கமாம். கூட வாரியான்னு கேட்டா.”

“போக வேண்டியதுதானல? சங்குக்கு அங்கன நல்ல விலை கிடைக்கும்.”

“ஞாயித்துக்கெழம கெளம்புதேன்னா. ஞாயித்துக்கெழம நாம என்னைக்குல கடல்ல எறங்கிருக்கோம்? மாதா கோயில் பூசைக்குப் போணும், திங்கக்கெழம வாரேன்னுட்டேன்.”

“கோட்டிக்காரா! நட்சத்திரத்துக்காரிகிட்ட பூசைக் கதை சொன்னியாக்கும்?”

கயிறு பிடிக்கிறவர் குலுங்கிச் சிரித்தார். சூசை சன்னலுக்கு வெளியே, உப்பளங்களுக்கு அப்பால் தெரிந்த கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“திங்கக்கெழம மொத ஆளா முங்கினேன். கப்பலைக் காணும். அது நின்ன எடத்துல மணல் மட்டும் சூடு ஆறாம கெடந்துச்சு. ராத்திரி பூரா காத்திருந்துட்டு, அப்பத்தான் போயிருக்கா மச்சான்.”

சிரிப்பு நின்றது.

“அன்னைக்கு நான் மூணு தடவை கயித்த இழுத்தும் நீ ஏறி வரலியே, அதுக்குத்தானாலே?”

“அந்தச் சூடு ஆறட்டும்னு கைய வெச்சுக்கிட்டுக் கெடந்தேன்.”