கோவிச்சுக்கிட்டு எறங்க முடியாத கப்பல்

கிட்ட வந்து உக்காருங்க மாஸ்டர். அந்த இஸ்தோப்புத் திண்ண ஓரத்துல உக்காந்தா நான் சத்தம் போட்டுப் பேசணும். சத்தம் போட்டா உள்ளுக்கக் கேக்கும். கேட்டுச்சுன்னா இன்னைக்கு எனக்கு ரொட்டியும் இல்ல சம்பலும் இல்ல. நாற்காலிய இழுங்க. பயப்படாதீங்க, அது ஆடும், விழாது. ம், இப்ப சரி.

என்ன கேட்டீங்க? டிசம்பர் லீவுக்குப் புள்ளைகளக் கூட்டிக்கிட்டுக் கப்பல்ல போகணும், எந்தக் கப்பலு நல்லதுன்னு. பாருங்களேன் காலத்த! யாழ்ப்பாணத்துலேருந்து படிச்சுக் குடுக்க வந்த சுகிர்தன் மாஸ்டரு, ராகலையில லயத்துக்கு வந்து, லொறியில கொழுந்து மூட்ட ஏத்துன வீரய்யாகிட்ட கப்பல் வெசாரிக்கிறாரு. சும்மா சொன்னேன் மாஸ்டர், சிரிங்க. நான் போனது ஒரே ஒரு கப்பல்ல. ஆனா எல்லாக் கப்பலயும் அலசிப் புழிஞ்சு காயப்போட்டது எங்க வீட்டுக்காரி பூரணி. அவ அலசுனதச் சொல்றேன். ஒங்களுக்கு வேண்டியத எடுத்துக்கங்க.

எங்க மகன் நிரஞ்சன் டுபாயில ஓட்டல்ல சமைக்கிறான். அவன்தான் போன்ல சொன்னான், அம்மா மலைக்குக் கொழுந்தெடுக்கப் போறத நிப்பாட்டிட்டாங்க, நானும் லீவுல வர்றேன், தங்கச்சி குடும்பத்தையும் சேத்துக்கிட்டு எல்லாருமா ஒருக்கா கப்பல்ல போவோம்னு. தங்கச்சின்னா லோஜினி. கொழும்புல கட்டிக் குடுத்திருக்கு, ரெண்டு புள்ளைங்க. எனக்கு அன்னைக்கே காலு தரையில இல்ல. லயம் பூராச் சொல்லிட்டேன். தப்படிச்சுச் சொல்லாததுதான் பாக்கி.

மொதல்ல அவன் அனுப்புனது சறுக்குக் கப்பல். இங்கிலீசுல என்னமோ பேரு, என் வாயில நொழையாது. நான் வச்ச பேரு சறுக்கு. உச்சித் தட்டுலேருந்து பெரிய கொழாய் வளைஞ்சு வளைஞ்சு வருது, மனுசன் உள்ள போயி சவுக்காரக் கட்டியாட்டம் வழுக்கி வந்து தண்ணிக்குள்ள விழுறான். புள்ளைகளுக்குன்னு தனியா ஒரு காம்பரா. நம்ம தோட்டத்துப் பிள்ளக் காம்பரா இல்லீங்களா, கொழுந்தெடுக்கப் போறப்ப கைப்புள்ளைய விட்டுட்டுப் போவாங்களே, அதேதான். இங்க ஆயாம்மா இருப்பா. அங்க மொகத்துல புலி வரைஞ்ச வெள்ளக்காரப் பொண்ணு இருக்கு. ஆத்தாளும் அப்பனும் வெயில்ல மல்லாக்கப் படுத்துக் கெடக்கலாம்.

வெலயா? அதுக்குத்தான் வர்றேன். டிக்கட் ஒரு வெல. அதுக்கு மேல சோடா குடிச்சா காசு, போன்ல நெட்டு வேணும்னா காசு, கட்டில் விரிக்கிறவனுக்குச் சந்தோசக் காசுன்னு கடைசியில அவங்களே பில்லுல சேத்துருவாங்க. சறுக்குல ஒரு ஆளுக்குக் கேக்குற காசுல, நாங்க போன கப்பல்ல மூணு பேரு போயிரலாம். ஏறுறதுக்கு முன்னாலயே எது சும்மா, எது காசுன்னு கேட்டு வச்சுக்கங்க. எல்லாரும் கோட்ட விடுற எடம் அது.

இருந்தாலும் நான் சறுக்குதான்னு ஒத்தக் காலுல நின்னேன். நிக்கிறதுக்கே கம்பு வேணும், இவரு சறுக்கப் போறாராம்னு சொல்லிட்டு, பூரணி மகன்கிட்ட ஒரு கேள்வி கேட்டா. சோறு போடுற எடம் எத்தனன்னு. அவன் பெருமையாச் சொல்றான், பதினஞ்சுக்கு மேல இருக்கும்மா, எங்க வேணும்னாலும் எந்நேரமும் சாப்புடலாம்னு. அப்ப அது வேணாம், அடுத்ததப் பாருன்னுட்டா.

பதினஞ்சு எடத்துல சோறு போட்டா அது ஒரு குத்தமா மாஸ்டர்?

அடுத்தது லோஜினி தேடுனா. சிங்கப்பூர்லேருந்து கெளம்புற பொம்மக் கப்பல். கரடி வேசம், மொயலு வேசம் போட்டுக்கிட்டு ஆளுங்க புள்ளைகளத் தூக்கி வச்சிருக்காங்க. பொழுதுபட்டா ஆட்டம் பாட்டு. சுத்தம்னா சுத்தம், தரையில சோத்தப் போட்டு அள்ளித் திங்கலாம். வெலயும் சறுக்கு அளவுக்கு இல்ல. ஆனா பிளேன் காசையும் சேத்துப் பாருங்க, அப்பத் தெரியும். ஜன்னல் இல்லாத காம்பரான்னா கொறைவு. ஜன்னலே இல்லாத காம்பராவுக்குக் காசு குடுத்துப் போகணுமா, லயத்துல அத சும்மாவே இருந்து பாத்துட்டோமேன்னு நான் சொன்னேன். லோஜினி விழுந்து விழுந்து சிரிச்சா.

பூரணி சிரிக்கல. எத்தன சனம் ஏறும்னு கேட்டா. நம்ம தோட்டத்த மாதிரி நாலஞ்சு தோட்டத்துச் சனம். அவ்வளவு கூட்டமா, ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாக்காமலே போயிட்டு வந்துரலாமேன்னா. அப்புறம் நடுவுல எங்கெங்க நிக்கும்னு கேட்டா. தெனம் ஒரு ஊருல நிக்கும்மா, எறங்கிச் சுத்தலாம்னா மக. அதுவும் வேணாம்.

இப்பிடியே மாசக் கணக்கா போச்சு. ஒரு கப்பலும் அவளுக்குச் சரியில்ல. நிரஞ்சன் வெறுத்துப் போயி, இந்தாங்க இதையும் பாத்துக்கங்கன்னு கேலிக்கு ஒண்ண அனுப்புனான். மெட்ராசுலேருந்து போற சாம்பார் கப்பல். பழைய கப்பல். சறுக்கு இல்ல, கரடி இல்ல. நீச்சல் தொட்டின்னு ஒண்ணு, நம்ம பீலித் தண்ணி விழுற தொட்டியவிட ரெண்டு பங்கு இருக்கும். ஒரே ஒரு சாப்பாட்டு மடம். அதுலயும் இன்ன மேசையில இன்னாருன்னு மொத நாளே எழுதிருவாங்க, கடைசி வரைக்கும் அதே மேச, அதே மொகம். மெட்ராசுல கெளம்பி, நடுக் கடல்ல ஒரு நாளு, திருகோணமலையில ஒரு பகலு, திரும்பி மெட்ராசு. அவ்வளவுதான்.

பூரணி சொல்றா, இதுதான் கப்பல்னு!

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். விசா எடுத்து, பிளேன்ல மெட்ராசு போயி, அங்கேருந்து கப்பல் ஏறி நம்ம திருகோணமலைக்கே வர்றதுக்கு, ராகலையில பஸ் ஏறுனா வேல முடிஞ்சுச்சேன்னேன். அப்பதான் கிட்ட வந்து மெதுவாச் சொன்னா. அக்காவும் வர்றாங்க. நாம வர்றது அவங்களுக்குத் தெரியாதுன்னா.

அக்கான்னா மீனம்மா. அவ கூடப் பொறந்தவ, ஒரே அக்கா. அந்தக் காலத்துல நம்ம சனத்துல பாதிய இந்தியாவுக்கு அனுப்புனாங்க இல்லீங்களா, அதுல அக்காளும் அத்தானும் தாயும் போனாங்க. பூரணி அடுத்த கப்பல்ல வர்றேன்னு சத்தியம் பண்ணிட்டு நின்னா. நின்னவ நின்னவதான். ஏன்? இந்தா, ஒங்க முன்னால பல்லு போயி உக்காந்திருக்கேனே, இந்த லொறிக்காரனுக்காகத்தான்! இப்ப யாரும் நம்ப மாட்டாங்க.

தாயி கோத்தகிரியில சாகுற வரைக்கும் வாசலப் பாத்துக்கிட்டே இருந்திருக்கா. அதுலேருந்து அக்கா, பூரணி மொகத்துல முழிக்க மாட்டேன், அந்த மண்ணுல இனி காலு வைக்க மாட்டேன்னு. காயிதம் போட்டா பதில் இல்ல. ரொம்ப வருசத்துக்கு முந்தி ஒருக்கா நாங்க ரெண்டு பேரும் கோத்தகிரிக்கே போனோம். முன்வாசல்ல எங்களக் கண்டதும் அக்கா பின்வாசல்ல எறங்கித் தேயிலைக்குள்ள போயிட்டா. பொழுது சாயிற வரைக்கும் வரவே இல்ல. நாங்க திரும்பிட்டோம்.

அதத்தான் மனசுல வச்சிருக்கா. சொல்றா, கப்பல்ல பின்வாசல் இல்லீங்க, கோவிச்சுக்கிட்டு எங்க எறங்குவான்னு.

இப்ப வெளங்குதுங்களா, பதினஞ்சு எடத்துல சோறு ஏன் ஆகாதுன்னு? நாலு தோட்டத்துச் சனம் ஏன் ஆகாதுன்னு? அக்கா மகன் சின்னராசாவும் நிரஞ்சனும் போன்ல கூட்டாளி. அவன் தாயிகிட்ட, அம்மா, நம்ம குடும்பத்தோட கடல் பாத்துட்டு வருவோம்னு மட்டும் சொல்லிட்டான். பக்கத்துப் பக்கத்துக் காம்பரா, ஒரே மேச. அந்த அம்மாவுக்கு அறுபத்தஞ்சு தாண்டியாச்சு, இவளுக்கும் முட்டி வலி. இந்தத் தடவ விட்டா இல்லன்னு இவளுக்குத் தெரியும்.

ஏறுன ஒடனே கப்பல்ல ஒரு பெரட்டு வச்சாங்க மாஸ்டர். தோட்டத்துல காலையில பேரு எடுக்குற நம்ம பெரட்டேதான்! ஊதுனாங்க, எல்லாரும் அவங்கவங்களுக்குச் சொன்ன எடத்துல வந்து வரிசையா நிக்கணும், ஆளு எண்ணுவாங்க. கப்பல் முழுகுனா எங்க ஓடணும்னு காட்டுறதாம். ஆளுக்கொரு செகப்பு மெத்த மாதிரி குடுத்து மாட்டிக்கச் சொன்னாங்க. மெட்ராசு சனம் தலை வழியா மாட்டிக்கிட்டு நிக்குது. இவ இருக்காளே, ஊதுன சத்தம் கேட்டதும் எங்களயெல்லாம் விட்டுட்டு மொத ஆளாப் போயி நிக்கிறா. அதுவும் எப்பிடி? அந்த மெத்தைய இடுப்புல சுத்தி, பின்னால முடிச்சுப் போட்டு. கொழுந்தெடுக்கப் போறப்ப படங்கு கட்டுவாங்களே, அப்பிடி! கப்பல்காரன் வந்து, அம்மா இது கழுத்துலங்கிறான். சொல்லிட்டு இவளத் தாண்டிப் பாத்துச் சிரிக்கிறான். பாத்தா, அந்தப் பக்கம் இன்னொரு கெழவி. நரச்ச தல, குண்டு ஒடம்பு, அதுவும் இடுப்புல படங்கு கட்டி நிக்குது.

மொகம் அடையாளமே இல்ல மாஸ்டர். அந்தக் கட்டுலதான் ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் கண்டுக்கிட்டாங்க.

கட்டிப் புடிச்சு அழுதாங்களா? நீங்க வேற. அக்கா அந்த மெத்தைய அவுத்துக் கப்பல்காரன் கையில குடுத்துட்டு, நான் எறங்கணும்னா. அம்மா, கப்பல் கெளம்பிருச்சுன்னான். மகனப் பாத்த பார்வையில சின்னராசா எரிஞ்சு போயிருக்கணும்.

அப்புறம் மேச. மூணு வேளையும் எதிரெதிர. அக்கா நாற்காலியத் திருப்பிப் போட்டுக்கிட்டு, தட்ட மடியில வச்சுத் திம்பா. சாப்பாடு நல்லாருந்துச்சு, அதையும் சொல்லிடுறேன், இட்லி சாம்பார் வடை, பந்தியில அம்மாமாருங்க வீட்டு ஊறுகாய வேற சுத்தி அனுப்புவாங்க. பாட்டு, சீட்டாட்டம், பெரிய கல்யாண வீட்டுல மாட்டுன மாதிரி ஒரு சத்தம். ஒங்க வீட்டு அம்மாவுக்கு அமைதி வேணும்னா இந்தக் கப்பல் வேணாம். என் பேரப்புள்ளைங்க சறுக்கக் கேக்கவே இல்ல. கப்பல்ல ரெண்டு கெழவி சண்ட பாக்கக் கெடைக்கையில சறுக்கு எதுக்கு?

திருகோணமலை வந்துச்சு. எல்லாரும் எறங்கியாச்சு. அக்கா எறங்கல, சத்தியம் இருக்கே. இவ என்னப் பாத்து, நீங்க புள்ளைகளக் கூட்டிக்கிட்டுப் போங்க, எனக்கு முட்டி வலிங்கிறா. அவ்வளவு பெரிய கப்பல்ல அவங்க ரெண்டு பேருதான். நான் கோணேசர் கோயிலுக்குப் போனேன், சாமி கும்புட்டேனா இல்லையான்னே தெரியாது. பொழுதோட திரும்புனா, படி ஏறுறப்பவே மேல சத்தம். என்ன சத்தம்ங்கிறீங்க! ஏண்டி நன்றி கெட்டவளே, ஆமாடி நீதான் பெரிய இவன்னு. கொமரியா இருந்தப்ப வாங்குன ரவிக்கயத் திருப்பிக் குடுக்கலங்கிறதுல தொடங்கி, லொறிக்காரன்ல வந்து, கடைசியில அக்கா சொன்னா. அம்மா சாகுறப்ப பக்கத்துல நான் நிக்கிறேன், ஒம் பேரச் சொல்லித்தாண்டி தண்ணி கேட்டா, நாந்தான் பூரணின்னு பொய் சொல்லித்தான் குடுத்தேன்னா.



அப்புறம் அக்கா பழையபடி நாற்காலியத் திருப்பிக்கிட்டா. மெட்ராசுல எறங்குறப்பவும் திரும்பிப் பாக்கல. இவ வீட்டுக்கு வந்து மூலையில உக்காந்துட்டா. கணக்கு தப்பிப் போச்சுங்க, மூணு நாளு பத்தலன்னா.

இதுல பாருங்க, சாமான எறக்கி வச்சா ஒரு பை கூடுதலா இருக்கு. எறங்குறதுக்கு முந்தி அவங்கவங்க பையில காம்பரா நம்பரச் சீட்டுல எழுதிக் கட்டி வாசல்ல வச்சுரணும், கப்பல்காரங்க தூக்கிட்டுப் போவாங்க. நிரஞ்சன் எங்க நம்பர் இருந்ததையெல்லாம் ஏத்திட்டான். இது அக்காவோட பை. சின்னராசாவுக்குப் போன் போட்டா, அக்கா புடுங்கிப் பேசுறா. திருடி! எம் பையத் தெறந்தேன்னா கைய வெட்டுவேன். அனுப்பவும் வேணாம், ஒன்ன நம்ப மாட்டேன், நானே வந்து எடுத்துக்கிறேன்னு!

யாரு? உள்ளுக்க இருமுறதா? அக்காதான். போன கெழம வந்தா. சின்னராசா கொண்டாந்து விட்டுட்டுப் போனான். வந்து வாசல்ல நின்னுக்கிட்டு, பையக் குடு, நான் போகணும்னா. பூரணி கொண்டாந்து வச்சா. அக்கா எங்க எல்லாரு முன்னாலயும் தெறந்தா.

அதுல அவளோட துணி ஒண்ணுகூட இல்ல மாஸ்டர். எனக்கு ஒரு வேட்டி, கடைச் சீட்டுகூடக் கிழிக்கல. பூரணிக்கு ஒரு சேல. நிரஞ்சனுக்குச் சட்ட, புள்ளைகளுக்குக் கவுனு. நீலகிரித் தைலம். ஊட்டி வர்க்கி ஒரு டின்னு, அதுல பாதி தூளு. எல்லாம் கப்பல் ஏறுறதுக்கு முன்னாலயே வாங்குனது. சின்னராசா சத்தியம் பண்றான், நான் வாயத் தெறக்கலன்னு. கையால குடுத்தா கோவம் கொறைஞ்ச மாதிரி ஆயிருமில்ல? அதான் பைய மட்டும் அனுப்பியிருக்கா.

பூரணி பையில தொங்குன சீட்டப் புடிச்சுக்கிட்டு, இதுல எங்க நம்பர எழுதுனது யாரு, ஒன் கையெழுத்தாட்டம் இருக்கேன்னு கேட்டா. அக்கா சீட்ட வெடுக்குன்னு புடுங்குனா, செருப்பக் கழட்டுனா, விறுவிறுன்னு எங்க அடுப்படிக்குள்ள போனா, அத அடுப்புல போட்டு ஊதி எரிச்சுட்டு, அது மேலயே தேத்தண்ணிக்குக் கேத்தலத் தூக்கி வச்சா.