டிவியில் வரும் பேர்

கணபதி ஸ்டாப்பில் பஸ் ஏறிய பெண் ஒருவர், என் முன் சீட்டில் உட்கார்ந்து டிடிஎச் கம்பெனிக்காரரோடு ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தார்.

"டிவியப் போட்டா என் புருசன் பேரைச் சொல்லி வணக்கம் வருதுங்க. அவரு என்னைய உட்டுப்போட்டுப் போயிட்டாருங்க. கனெக்‌ஷனை என் பேருக்கு மாத்திக் குடுங்க."

"அதுக்கு சார்தான் பேசணும், மேடம்."

"எங்கிட்டயே பேசாதவரு உங்ககிட்ட எப்படீங்க பேசுவாரு?"

"ரூல்ஸ் அப்படித்தான், மேடம்."

"அப்ப உங்க கனெக்‌ஷனே வேண்டாமுங்க. இன்னொரு கம்பெனில கேட்டேன். அவிய மொதல்ல கேட்டதே என் பேரைத்தானுங்க."

அந்தப் பக்கம் இருந்தவர் அவசரமாக, "உங்க பேர் சொல்லுங்க, மேடம்" என்றார்.

"நேத்துக் கேட்டப்பவும் ரூல்ஸ்னுதான சொன்னீங்க. காலைலயே மாடி ஏறி உங்க டிஷ்ஷைக் கழட்டிப்போட்டேனுங்க. ஆளனுப்பி எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.