நிறுத்தினால் அழிந்துவிடும்

நாவல் எழுத நினைக்கிறவர்கள் முதலில் ஒரு நல்ல நாற்காலி வாங்கிக்கொள்ள வேண்டும், சார். மென்பொருள், விசைப்பலகை எல்லாம் அப்புறம்தான். இது தெரியாமல் நான் தலைகீழாகத் தொடங்கினேன்.

முதலில் வாங்கிய மென்பொருளில் காட்சிக்கு ஒரு அட்டை உண்டு. அட்டைகளைத் திரையில் இங்கும் அங்கும் நகர்த்தலாம். நகர்த்திக்கொண்டே இருந்தேன். அடுத்ததில் கதைமாந்தர்களுக்கு வம்சாவளி வரையலாம். கதாநாயகனுக்குக் கொள்ளுத்தாத்தா வரைக்கும் ஆட்கள் கிடைத்தார்கள், அவனுக்குச் செய்ய ஒரு வேலைதான் கிடைக்கவில்லை. பிறகு எழுத்துரு. சிலவற்றில் கொம்பு தன் எழுத்தை விட்டு விலகித் தனியாகப் போய் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டு எப்படி எழுதுவது? தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்டுவதா, ஆங்கில எழுத்துகளை வைத்து ஒலிப்படி தட்டுவதா என்று ஒரு மழைக்காலம் முழுக்க எனக்குள்ளேயே மல்லுக்கட்டினேன். உட்கார்ந்தால் எழத் தோன்றும், எழுந்தால் உட்காரத் தோன்றும். கால் ஒரு இடத்தில் நிற்காது.

அக்கா வீட்டில்தான் இருந்தேன். வேலையை விட்டுவிட்டு வந்து நின்றவனை, "நீ எழுதுடா, சாப்பாட்டுக்கு நான் இருக்கேன்" என்று சொல்லி வைத்துக்கொண்டாள். திரைச்சீலை தைப்பது அவள் தொழில். கூடத்தில் தையல் இயந்திரம், அதைச் சுற்றித் துணிக் குவியல். அந்தத் துணித்தூசி அவளுக்கு ஆகாது, மூச்சிரைப்பு உண்டு. இன்ஹேலரை வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு மறுபடி உட்கார்ந்து மிதிப்பாள். என் கணினி, மென்பொருள் எல்லாம் அவள் மிதித்து வாங்கியவைதான்.

குறை சொல்ல மாட்டேன், சார். அக்காவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் வேளை தவறாமல் அறைக்குள் எட்டிப் பார்ப்பாள்.

"என்னடா, உன் கதாநாயகன் வீட்டை விட்டுக் கிளம்பிட்டானா?"

"கிளம்புவான்."

"ஏன்டா, அடுப்பே பத்த வைக்கல, சட்டி பானையா வாங்கிக் குவிக்கிறியே."

சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள், எனக்குத் தெரியும். ஆனாலும் சுருக்கென்று தைக்கும். அப்புறம் அன்றைக்கு முழுக்க ஒரு வரிகூட ஓடாது.

கதவுக்கு உள்தாழ்ப்பாள் வேண்டும் என்றேன். மறுநாளே தச்சரைக் கூட்டி வந்துவிட்டாள். "தம்பி எழுதறவன், நல்ல கனமா போடுங்க" என்று அவரிடம் சொன்னதும் அவள்தான். வெளியே கேட்கிற சத்தத்தை அடைக்கிற ஹெட்போன் கேட்டேன். அதுவும் வந்தது.

அதற்குப் பிறகுதான் அந்த மென்பொருள் கண்ணில் பட்டது. உங்களுக்குத் தெரிந்திருக்காது. வெறும் வெள்ளைத் திரை. எவ்வளவு நேரம் எழுதப்போகிறோம் என்று முதலில் குறித்துவிட வேண்டும். அது முடியும்வரை விரல் ஓயக் கூடாது. கொஞ்சம் நின்றால் எழுத்து வெளிறும். அப்புறமும் தட்டாவிட்டால் எழுதியது மொத்தமும் அழிந்துவிடும், மீட்கவே முடியாது. எனக்கென்றே அளவெடுத்துச் செய்தது போல இருந்தது.

அந்த ஞாயிறு மதியம் அக்காவுக்கு இன்ஹேலர் வாங்கி வந்தேன். பழையது தீர்ந்துபோயிருந்தது. அவள் கூடத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு துணி அளந்துகொண்டிருந்தாள். கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் வழியெல்லாம் ஒரு வரி தோன்றிக்கொண்டே வந்தது, வாயைத் திறந்தால் போய்விடும் என்று பயம். நேரே அறைக்குள் போய், இன்ஹேலரை மேசைமேல் வைத்து, தாழ்ப்பாளைப் போட்டு, அரை மணி நேரம் என்று குறித்து உட்கார்ந்தேன்.

வந்தது, சார். இத்தனை காலம் வராததெல்லாம் வந்தது. கதாநாயகன் ஒருவழியாகக் கிளம்பிவிட்டான்.

அப்போதுதான் அக்கா கதவைத் தட்டினாள்.

"தம்பி, இன்ஹேலர்... எடுத்துக் குடுடா."

எழுந்தால் அழிந்துவிடும். இன்ஹேலர் திரைக்குப் பக்கத்திலேயே இருந்தது, கையை நீட்டினால் எட்டும். கையைத்தான் எடுக்க முடியவில்லை. ஹெட்போன் மாட்டியிருந்தேன், எதுவும் காதில் விழவில்லை என்று அன்றைக்கு விசாரிக்க வந்த உங்களிடம் சொன்னேன். மாட்டவில்லை. அது ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் கூப்பிட்டதில் அடுத்த வரி மறந்துபோய், எழுத்து வெளிறத் தொடங்கியது. பதறிப்போய்க் காதில் விழுந்ததை அப்படியே தட்டினேன். முதலில் உள்ளங்கையால் தட்டினாள், பிறகு விரல் முட்டியால். மூச்சு உள்ளே போகும்போது ஒரு சத்தம், வெளியே வரும்போது வேறு சத்தம். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் நான் அதைக் கவனித்ததே இல்லை. கிளம்பிய கதாநாயகனைத் திருப்பிக் கூட்டி வந்து அந்தக் கதவுக்கு உள்ளே உட்கார வைத்தேன். பொருத்தமாக அமைந்துவிட்டது.

கருவி அப்படி, நான் என்ன செய்வேன் என்று எனக்கே பலமுறை சொல்லிப் பார்த்தேன். ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நேரம் முடிந்து திரையில் பச்சைக் கோடு வந்தது. இனி நிறுத்தினாலும் அழியாது. அப்போதும் கதவின் அடியில் நகத்தால் சுரண்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. பத்தி முடியவில்லை. முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். நான் தாழ்ப்பாளை நீக்கியபோது சத்தம் இல்லை.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. சித்தப்பா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். உங்கள் ஆட்களும் தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். ஆனால் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அறைக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தேன். எழுதினாயா என்று கேட்க ஆளில்லை. எழுதிவிட்டேன், ஆனால் அதை வெளியில் யாரிடமும் காட்ட முடியாது.

மனசாட்சி உறுத்தித்தான் வந்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பக்கங்களை அச்செடுத்து வந்ததும் உங்களுக்குச் சாட்சியாக இருக்கட்டும் என்றுதான். நீங்கள் படித்துக்கொண்டிருந்தபோது உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் நீங்கள் ஒருமுறைகூட நிமிரவில்லை. கடைசிப் பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டீர்கள்.

கதவைத் தட்டுகிற இடம் மட்டும் கொஞ்சம் நீண்டுவிட்டதோ, சார்?