பொட்டி நிரம்பாத ஒழுங்கை

முடிச்சக் கட்டாத மகள், அப்பிடியே வை. ஓம், உன்னத்தான். பயந்திட்டியா? நான் முன் ஊட்டு மாமி, அந்தப் பச்சப் படலை வாசல். நேத்து நீங்க சாமான் எறக்கக்குள்ள பாத்துக்கிட்டுத்தான் நிண்டன், வந்து கதெக்க ஏலாமப் போச்சு.

அந்தக் குப்பப் பேக்குக்குள்ள என்ன இரிக்கி? நீ தூக்கக்குள்ள சலார் எண்டு சத்தம் கேட்டிச்சே. பீங்கானா? லொறியில வந்ததுல ஒடஞ்சதாக்கும். சோத்தோட சேத்துப் போட்டிரிக்காய். எல்லாரும் அப்பிடித்தான் போடுற. நாய் இழுக்காம இரிக்க இறுக்கி முடிஞ்சும் வைக்கிற. குப்ப ட்ரெக்டர் இன்னும் பள்ளியடி ஒழுங்கையிலதான் நிக்கி, சத்தம் கேக்குதில்லையா. அது இஞ்ச வாறத்துக்குள்ள பிரிச்சிரலாம். தா, நான் இரிந்து செய்றன். எனக்கு அருவருப்பு ஒண்டும் இல்ல. நீ புள்ளயத் தூக்கிக்க.

சோறு என்ட கோழிக்குப் போகும். மரக்கறித் தோல், தேங்காப்பூச் சக்கையெல்லாம் வாழையடியில கெடங்கு வெட்டிப் போடு. வாடக ஊடா இரிந்தா என்ன, வாழைக்கு அது தெரியுமா.

இது என்ன, இத்தினை சொப்பிங் பேக்? கல்முனச் சந்தைக்குப் போனியா. ஓம், அவனுகள் பச்ச மொளகாய்க்கு ஒண்டு, கறிவேப்பிலைக்கு ஒண்டு எண்டுதான் போட்டுத் தருவானுகள். வேணாமெண்டு சொன்னாலும் அவனுகள்ட கை அதுபாட்டில போகும். என்ட்ட பன் புல்லுல இழச்ச பை கெடக்கு, ஒண்டு தாறன். மீனுக்கு மூடி போட்ட வாளி கொண்டு போ. மீன்காரன் சிரிப்பான். எனக்கு வாளி மாமியெண்டு பேரே வெச்சிரிக்கான். சவுக்காரத்தூளையும் சின்னச் சின்னப் பக்கெட்டா வாங்காத, சந்திக் கடையில நிறுத்துத் தருவாங்க, தகரப் பேணியக் கொண்டு போனாச் சரி.

பேம்பஸும் கெடக்கு. புள்ள இப்பதான் தவழுதா? மாஷா அல்லாஹ். இரவைக்கு மட்டும் அதப் போடு, பகலைக்குத் துணி கட்டு. கழுவ நேரம் இல்லாட்டி என்ட்ட தா, நான் கழுவிக் காயப்போட்டுத் தாறன். பகிடி இல்ல மகள். மூலையூட்டு நஜ்லாட புள்ளைக்கு நடக்கப் பழகுமட்டும் நான்தான் கழுவிக் குடுத்த.

ஏனெண்டு கேக்காத, கழுவித் தாறன் அவ்வளவுதான்.

பாரு, நாம நகம் வெட்டினா மண்ணத் தோண்டிப் பொதைக்கிற ஆக்கள். சீப்புல வந்த முடியையும் விடுறல்ல. ஒடஞ்ச பீங்கான மட்டும் சோத்துக்குள்ள ஒளிச்சி வைக்கிற. மெதுவா, அந்தப் பக்கம் கூர் இரிக்கி.

இந்த ஒழுங்கையில ஒவ்வொரு ஊடா நான் ஏறி எறங்கினன். முதல்ல ஏசினாங்க. இவளுக்கு மண்ட பெரண்டிட்டு எண்டாங்க. சொல்லட்டும். எனக்கு இப்ப ஒண்டும் ஒறைக்கிறல்ல. இப்பெண்டா நோன்புக்குப் பள்ளிக் கஞ்சி எடுக்கப் போறத்துக்கும் சட்டி கொண்டுதான் போறாங்க, பேக்குல ஊத்திக்கிட்டு வாறல்ல. சுற்றாடல் ஆக்கள் வந்து படமும் புடிச்சாங்க. ஒரு புள்ள மைக்க நீட்டிக்கிட்டு கடலப் பத்திக் கேக்குது, ஆமையப் பத்திக் கேக்குது, ஆன குப்ப தின்னுறதப் பத்திக் கேக்குது. எனக்கு அதெல்லாம் தெரியா மகள். ஆமையும் பாவந்தான், ஆனையும் பாவந்தான். எனக்குப் பொட்டி நிரம்பப்படா, அதுதான் என்ட கத.

எந்தப் பொட்டியா? ட்ரெக்டர் பின்னால இழுக்கிற பொட்டிதான்.

அது சுத்திக்கிட்டு வரக்குள்ள இந்த ஒழுங்கைதான் கடைசி. இஞ்ச வரக்குள்ள பொட்டி முட்டி வழியும். ரெண்டாம் தரம் வாறத்துக்கு டீசல் பத்தா. அப்ப பின்னால நிக்கிற பொடியன் மேல ஏறி மிதிப்பான். களத்துல நெல்லுச் சூடு மிதிக்கிற மாதிரி, சுத்திச் சுத்தி. மிதிச்சாத்தான் அது அமரும், நம்மட குப்பைக்கும் இடம் வரும். நிரம்பாட்டி மிதிக்கத் தேவல்ல. அதுக்குத்தான் இப்ப பள்ளியடி ஒழுங்கைக்கும் போய்க் கதெக்கிறன்.

பொடியனுக்கு நீட்டுச் சப்பாத்து குடுத்திரிக்காங்க, குடுக்கல்லயெண்டு சொல்லப்படா. அதப் போட்டா ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் கழட்டி, கால் கழுவி ஒலுச் செஞ்சி, திரும்ப மாட்ட வேணும். ஈரக்காலுக்கு அது ஏறாது. செருப்பெண்டா லேசு. தொழுகைய உடாத புள்ள அவன்.

பர்ஸான். இப்ப வாறவன் இல்ல, முந்தி நிண்டவன்.

அவனுக்கு என்ன நடந்ததா? பீங்கான்தான். சோத்தோட முடிஞ்சி கெடந்திரிக்கி. நீ இல்லகா, நீ அப்ப இந்த ஊருக்கே வரல்லயே. ஆரூட்டு பேக்கெண்டு நான் தேடவும் இல்ல. தேடி என்ன செய்ய, நாளைக்கும் அவங்கட முகத்துலதானே முழிக்க வேணும். செருப்புக்குள்ளால ஏறிக் குதியில குத்திட்டு. சின்னக் காயம். ட்ரெக்டர் ஓடுறவர் புண்ணியமூர்த்தி அண்ணன், நல்ல மனிசன், நேரா ஆசுபத்திரியடியில கொண்டு போய் நிப்பாட்டி, எறங்கு தம்பி, ஏற்பு நோய் வராம ஏற்பூசி போட்டுட்டு வா எண்டிரிக்கார். நோன்பு காலம். ஊசி போட்டா நோன்பு முறிஞ்சிரும் அண்ணன், நோன்பு தொறந்திட்டுப் போறன் எண்டானாம். நோன்பு தொறந்தான். கஞ்சி குடிச்சான். தராவீஹுத் தொழுகைக்குப் போனான். காயம் காஞ்சிட்டு, ஊசிய எல்லாரும் மறந்திட்டம். பெருநாளைக்கு உடுப்பெடுக்கப் போன கடையில வெச்சித் தாட இறுகி, வாய் தொறக்க ஏலாமப் போச்சு. பெருநாளைக்கு முதல் நாள் மையத்த எடுத்தம்.

ஊசி போட்டா நோன்பு முறியாதாம். மவுலவி சொன்னார். ஓம், மையத்தூட்டுல வெச்சித்தான் சொன்னார்.

நீ ஏன்கா அழுற. நான் அழுறல்லயே. எனக்கு வாறல்ல. புள்ள உன்ட முகத்தப் பாக்குது, கண்ணத் தொடச்சிக்க. ஓம், என்ட மகன்தான். மூத்தவன்.

ட்ரெக்டர் சத்தம் திரும்பிட்டு, இனி இஞ்சதான் வரும். பீங்கான் துண்டெல்லாம் இந்தப் பால்மாப் பேணிக்குள்ள போட்டு மூடியிரிக்கன். பொட்டிக்குள்ள எறியாத, கையில குடு. உள்ளுக்க ஒடஞ்ச பீங்கான் இரிக்கி தம்பியெண்டு வாயால சொல்லிக் குடு. சொல்லுவாய்தானே? மத்த பேக்குல பேம்பஸ் மட்டுந்தான், பாரு, எவ்வளவு சின்னதாப் போச்சு.

நீதான் குடுக்க வேணும், நான் ஊட்டுக்குள்ள போறன். என்ன இந்தக் குப்பையோட கண்டா அவனுக்கு வெக்கம். போன கிழம ஏசினான், என்ட கூட்டாளிமாருக்கு முன்னால எதுக்கு உம்மா இந்த வேல எண்டு.

ஸப்ரி. சின்னவன். பர்ஸான் காக்காட எடத்த இவனுக்குத்தான் குடுத்தாங்க. வேணாமெண்டு சொல்லிப் பாத்தன், வேற என்ன உழைப்பு இரிக்கி உம்மா எண்டான். ஏற்பூசியெல்லாம் போட்டாச்சு, நானே கூட்டிப் போய்ப் போட்டன். எண்டாலும் குத்துறது குத்தும்தானே.

வந்திட்டு. போ மகள், படலைக்குப் போ. பேணியக் குடுக்கக்குள்ள பொட்டிய ஒருக்கா எட்டிப் பாரு, இடம் இரிக்கா எண்டு. அவன் காலுல என்ன போட்டிரிக்கான் எண்டும் பாத்து வந்து சொல்லு. நான் பாக்கிறல்ல.